அசையாத முகம்: பழி ஃபென்டனிலுக்கு, காரணம் வேறு

அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. காபி குடித்தால் உதட்டோரம் வழிகிறது, இடது கண் முழுதாக மூடவில்லை. ஆஸ்பத்திரி மருந்து பில்லைப் புரட்டும் மகன் கண்ணில் ‘ஃபென்டனில் 2 மி.லி.’ என்ற வரி படுகிறது. செல்போனில் தேடினால், அமெரிக்காவில் அதே பெயருள்ள போதைப்பொருளால் செத்தவர்களைப் பற்றிய செய்திதான் பக்கம் பக்கமாக வருகிறது. இதைத்தான் அப்பாவுக்கு ஏற்றினார்களா, இதனால்தான் முகம் இழுத்துக்கொண்டதா என்ற பயம் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள், அதாவது வீரியமான வலி மருந்துகள், முக நரம்பைச் செயலிழக்க வைப்பதில்லை. முகத்தை அசையாமல் ஆக்கும் மருந்துகள் வேறு இரண்டு வகை. ஒன்று, பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசி. இன்னொன்று, பெரிய அறுவை சிகிச்சைகளில் போடும் தசைத் தளர்த்தி. சில நேரம் எந்த மருந்தும் காரணமாக இருக்காது, நரம்புக்குப் பக்கத்தில் கத்தி போனதுதான் காரணமாக இருக்கும். இந்த வேறுபாட்டை வெறும் தகவலாகக் கடந்து போக எனக்கு மனமில்லை. வலியை நிறுத்துவதையும் அசைவை நிறுத்துவதையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொண்டதன் விலையை, அழக்கூட முடியாத பச்சைக் குழந்தைகள் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஓபியாய்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஃபென்டனிலை 1960இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம். அதனால்தான் மில்லிகிராமில் அல்லாமல் மைக்ரோகிராமில் கணக்கிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மயக்கம் கொடுக்கும்போது சாதாரணமாக 60 முதல் 120 மைக்ரோகிராம் போடுவார்கள். 2 மி.லி. ஆம்பூல் ஒன்றில் இருப்பதே 100 மைக்ரோகிராம்தான். தெருவில் விற்கும் போதைப்பொருளில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. அறுவை அரங்கில் ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் கணக்கு உண்டு, மூச்சைக் கவனிக்க ஒருவர் தலைமாட்டிலேயே நிற்கிறார்.

மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தி கைமாறும் இடங்களில் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. மருந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் செய்தி மேலே போவது குறைகிறது. வலி குறைகிறது, மனம் அடங்குகிறது, மூச்சு மெதுவாகிறது, கண்ணின் பாவை சுருங்குகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பை அது தொடுவதில்லை. ஃபென்டனில் மட்டும் போட்ட ஒருவரிடம் சிரிக்கச் சொன்னால், தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பக்கமும் சமமாகச் சிரிப்பார்.

முகத்தை அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு, அதாவது முக நரம்பு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு துளை வழியாக வெளியே வந்து, கன்னத்திலுள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அங்கே ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பகுதி. முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் கொண்டுபோவது வேறொரு நரம்பு, ஐந்தாவது மண்டை நரம்பு. உணர்வு ஒரு நரம்பில், அசைவு இன்னொரு நரம்பில் என்ற இந்த ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டியவர்களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பெல் முக்கியமானவர். முகம் திடீரென்று ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் பெல் வாதத்துக்கு அவர் பெயர்தான்.

பல் டாக்டரிடம் நடப்பது இந்த இரண்டு நரம்புகளும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் வரும் வினை. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவோ வேர்ச் சிகிச்சை செய்யவோ தாடை நரம்பை மரக்க வைக்க வேண்டும். டாக்டர் கட்டை விரலை வாய்க்குள் விட்டுத் தாடை எலும்பின் முன் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். எதிர்ப் பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலாக ஊசியைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக உள்ளே செலுத்துவார். பெரியவர்களுக்கு 2 முதல் 2.5 செ.மீ. ஆழத்தில் ஊசி முனை எலும்பில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டதும் நூலளவு பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, பிறகுதான் மருந்தைச் செலுத்துவார்.

எலும்பு தட்டுப்படாமல் ஊசி பின்னோக்கிப் போய்விட்டால், அது போய்ச் சேரும் இடம் பரோடிட் சுரப்பி. அங்கே மருந்தை விட்டால் மரத்துப்போவது பல்லின் நரம்பு அல்ல, முக நரம்பின் கிளைகள். சில நிமிடங்களில் அந்தப் பக்கம் புருவம் தூக்க முடியாது, கண் மூடாது, வாய் கோணும். பல் வலி மட்டும் அப்படியே இருக்கும். வலியும் போகவில்லை, முகமும் கோணிக்கொண்டது என்றால் நோயாளி நாற்காலியிலேயே பதறிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே வேலை செய்யும் மருந்து பெரும்பாலும் லிக்னோகெய்ன். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கியது, 1948இல் விற்பனைக்கு வந்தது. நரம்பின் வழியே மின் அலை ஓட, சோடியம் அயனிகள் நரம்புச் சுவரைக் கடந்து உள்ளே வர வேண்டும். அந்த வழியை லிக்னோகெய்ன் அடைத்துவிடுகிறது. எந்த நரம்பு என்ற பேதம் அதற்குத் தெரியாது. உணர்வு நரம்பின் மேல் விட்டால் உணர்வு போகும், தசை நரம்பின் மேல் விட்டால் அசைவு போகும். மருந்து கரைந்து ரத்தத்தோடு போனதும் இரண்டும் திரும்பிவிடும். அட்ரீனலின் கலந்த 2% லிக்னோகெய்ன் உதட்டையும் கன்னத்தையும் 3 முதல் 5 மணி நேரம் மரக்க வைக்கும், கோணிய முகமும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் நேராகிவிடும்.

அந்தச் சில மணி நேரத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை கண்ணைக் காப்பதுதான். கருவிழியில் தூசி விழுந்தால் உணர்வு தெரியும், ஏனென்றால் அது ஐந்தாவது நரம்பின் வேலை. ஆனால் இமை மூடாது. கண்ணீர் பரவாமல் கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் உடனே கழற்ற வேண்டும். கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து விட்டு, இமையை மெதுவாக மூடி, மேலே பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினால் போதும். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அரிதாக, ஊசி போட்டுப் பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து முகம் கோணுவதும் உண்டு. அது மருந்தின் நேரடி வேலை அல்ல, சரியாக வாரக்கணக்கில் ஆகலாம். அதற்கு டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பல் டாக்டரிடம் தவறி நடக்கும் இதையே கண் டாக்டர்கள் வேண்டுமென்றே செய்த காலம் உண்டு. கண்புரையை அகற்ற அந்த நாளில் கருவிழியோரம் பாதி வட்டத்துக்குக் கீறித் திறந்தார்கள். அப்போது நோயாளி பயத்தில் கண்ணை இறுக்கினால் உள்ளேயிருக்கும் கூழ் வெளியே பிதுங்கிவிடும். அதனால் பெல்ஜியத்துக் கண் மருத்துவர் வான் லின்ட் 1914இல், கண்ணின் வெளியோரத்தில் மரப்பு ஊசி போட்டு இமைத் தசையை மட்டும் தற்காலிகமாக முடக்கும் முறையை வெளியிட்டார். பிறகு காதுக்கு முன்னால் போடுவது, காது மடலுக்குப் பின்னால் போடுவது என்று வேறு முறைகளும் வந்தன. காதுக்குப் பின்னால் போடும் முறையில் ஒரு சங்கடம்: விழுங்குவதற்கும் குரலுக்குமான நரம்புகள் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன. சிலருக்குத் தொண்டை அடைத்துக் குரல் கம்மியது. இன்றைக்கு 2, 3 மி.மீ. கீறலில் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறை வந்துவிட்டது. சொட்டு மருந்திலேயே அறுவை முடிந்துவிடுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டிகளில் பலர், கட்டு அவிழ்ப்பதற்குள் சரியாகிவிடும் இந்த முக முடக்கத்தை அனுபவித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி தசைத் தளர்த்திகளுக்கு வருவோம். விஷயத்தின் மையமே இதுதான்.

தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய க்யூரரே என்ற நஞ்சு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கட்டளையைத் தடுக்கிறது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் அறுவையின்போது அதை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார்கள். வயிற்றுத் தசை தளர்ந்து அறுப்பவருக்கு வேலை எளிதானது. மயக்கவியலின் போக்கே அன்றோடு மாறியது. அதுவரை தசை தளர வேண்டுமென்றால் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அது உயிருக்கே ஆபத்து.

ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. க்யூரரே கொடுத்தால் நோயாளி அசைவதில்லை, முகம் சுளிப்பதில்லை. அப்படியானால் அது மயக்கமும் தருகிறதோ? தரும் என்று நம்பிய மருத்துவர்கள் இருந்தார்கள். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கத் துணிந்தார். எந்த மயக்க மருந்தும் இல்லாமல், மூச்சுத் தசைகளை முடக்கத் தேவையானதைப் போல இரண்டரை மடங்கு க்யூரரேயை அவருக்குச் செலுத்தினார்கள். செயற்கையாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இமையைக்கூட அசைக்க முடியாத நிலையில் அவர் எல்லாவற்றையும் கேட்டார், உணர்ந்தார், நினைவில் வைத்திருந்தார். தொண்டையில் எச்சில் தேங்கித் திணறியதையும் பிறகு விவரித்தார். 1947இல் வெளியான அந்தக் கட்டுரை சொன்னது இதுதான்: இந்த மருந்து தசையை நிறுத்துகிறது, வலியையோ நினைவையோ தொடுவதில்லை.

இந்த முடிவை எல்லோரும் முழுமையாக உள்வாங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. தசைத் தளர்த்தி போட்டிருக்கும்போது மயக்கம் குறைந்துவிட்டால், நோயாளி விழித்துக்கொண்டும் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய தணிக்கை ஒன்றின் முடிவு 2014இல் வந்தது. நோயாளிகள் தாமாகச் சொன்ன விழிப்புச் சம்பவங்களை வைத்துப் பார்த்தால், தசைத் தளர்த்தி போட்ட மயக்கங்களில் சுமார் 8,000இல் ஒருவருக்கும், போடாதவற்றில் சுமார் 1,36,000இல் ஒருவருக்கும் அப்படி நேர்ந்திருந்தது. தளர்த்தி இல்லாதவர் மயக்கம் குறைந்தால் அசைவார், முகம் சுளிப்பார், டாக்டர் பார்த்து மருந்தைக் கூட்டிவிடுவார். முகம்தான் அங்கே எச்சரிக்கை மணி.

அந்த மணியைக் கழற்றிவிட்டு, வலி மருந்தும் கொடுக்காமல் அறுத்தால் என்ன ஆகும்? பிறந்த குழந்தைகளுக்கு அதைத்தான் செய்தார்கள்.

1980களின் நடுப்பகுதி வரை குறைமாதக் குழந்தைகளுக்குப் பல பெரிய மருத்துவமனைகளில் கொடுத்தது இரண்டே: சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, அதோடு தசைத் தளர்த்தி. நைட்ரஸ் ஆக்சைடு தனியாக நின்று மார்பைப் பிளக்கும் வலியைத் தாங்க வைக்கும் மருந்து அல்ல. சில இடங்களில் அதுவும் கிடையாது, தசைத் தளர்த்தி மட்டும். பச்சைக் குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதற்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்று சொல்லப்பட்டது. ஃபென்டனில் மூச்சை நிறுத்திவிடும், ரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் குழந்தை அசையாமல் படுத்திருந்ததே அதற்கு வலி இல்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டதுதான் கொடுமை. அசையாமல் இருந்ததற்குக் காரணம் டாக்டர் கொடுத்த மருந்தேதான். 1985இல் அமெரிக்கத் தலைநகரில், வலி மருந்தே இல்லாமல் தசைத் தளர்த்தி மட்டும் கொடுத்துத் தன் குறைமாதக் குழந்தையின் மார்பைத் திறந்தார்கள் என்பதை, குழந்தை இறந்த பிறகு மருத்துவப் பதிவைப் படித்துத்தான் ஒரு தாய் தெரிந்துகொண்டார். அவர் வாய்மூடி இருக்கவில்லை. விஷயம் பத்திரிகைகளுக்கு வந்தது.

அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இந்திய மருத்துவர் இந்தக் கேள்வியை ரத்தப் பரிசோதனையால் எதிர்கொண்டிருந்தார். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூரில் எம்பிபிஎஸ் முடித்து ரோட்ஸ் உதவித்தொகையில் அங்கே போனவர். அறுவைக்குப் போன குழந்தைகள் மிக மோசமான நிலையில் வார்டுக்குத் திரும்புவதைப் பார்த்து, காரணம் தேடினார். இதயத்தருகே மூடாமல் இருக்கும் ரத்தக்குழாயைக் கட்டும் அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்கு வழக்கமான நைட்ரஸ் ஆக்சைடும் க்யூரரேயும். இன்னும் எட்டுக் குழந்தைகளுக்கு அதோடு எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஃபென்டனில்.

இரண்டு குழுவிலும் முகங்கள் ஒரே மாதிரி அமைதியாக இருந்தன. ரத்தம் வேறு கதை சொன்னது. ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் உடம்பில் அட்ரீனலின் உள்ளிட்ட நெருக்கடிக் கால ஹார்மோன்கள் பொங்கியிருந்தன, சர்க்கரை ஏறியிருந்தது, அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்த குழந்தைக்கும் உரிய மயக்கமும் வலி நிவாரணமும் தர வேண்டும் என்று அறிக்கை விட்டது. பதினாறே குழந்தைகளைக் கொண்ட ஓர் ஆய்வு இத்தனை தூரம் போனது அரிது. ஃபென்டனில் என்றாலே நடுங்குபவர்களுக்கு இந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இதே 1987இல்தான், கனடாவில் ரூத் குருனாவும் கென்னத் கிரெய்கும் பச்சைக் குழந்தையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். புருவம் புடைப்பது, கண் இறுக மூடுவது, மூக்கோரத்திலிருந்து உதடு வரை மடிப்பு ஆழமாவது என்று ஒவ்வொன்றையும் நொடி நொடியாகக் குறித்தார்கள். குதிகாலில் ஊசி குத்தும்போது குழந்தையின் முகத்தில் இவை தோன்றும். இன்றும் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படும் வலி அளவுகோல்கள் சிலவற்றில் இந்த மூன்று குறிகளும் இருக்கின்றன. தசைத் தளர்த்தி போட்ட குழந்தையிடம் இந்த அளவுகோல் செல்லாது. வென்டிலேட்டரில் தளர்த்தியோடு கிடக்கும் குழந்தைக்கு முகத்தைப் பார்த்து ‘வலி பூஜ்யம்’ என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நடந்திருக்கும் அறுவையின் அளவு ஆகியவற்றை வைத்து வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும்.

ஓபியாய்டும் முக நரம்பும் உண்மையிலேயே ஒன்றாகச் சம்பந்தப்படும் இடம் ஒன்று உண்டு. பரோடிட் சுரப்பிக் கட்டி, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு, காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கேட்கும் கருவி பொருத்துவது), செவி நரம்புக் கட்டி ஆகியவற்றுக்கான அறுவைகள். இவற்றில் முக நரம்பு கத்திக்கு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். நரம்பு எங்கே என்று தெரிய, கண்ணைச் சுற்றிய தசையிலும் வாயைச் சுற்றிய தசையிலும் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகி ஒரு கருவியோடு இணைப்பார்கள். அறுவை மருத்துவர் சிறு மின்னூட்டம் பாயும் கோலால் திசுவைத் தொடுவார். அது நரம்பாக இருந்தால் தசை துடிக்கும், கருவி ‘டக் டக்’ என்று ஒலி கொடுக்கும். அறைக்குள் எல்லோருடைய காதும் அந்த ஒலியில்தான் இருக்கும்.

இங்கே தசைத் தளர்த்தி உடம்பில் மிச்சமிருந்தால் கருவி ஊமையாகிவிடும். நரம்பைத் தொட்டாலும் ஒலி வராது, நரம்பு இல்லை என்று நினைத்து வெட்டிவிடும் ஆபத்து. அதனால் மூச்சுக்குழாயில் டியூப் போட மட்டும் சில நிமிடங்களில் விலகிவிடும் தளர்த்தியைக் கொடுத்துவிட்டு, அதன்பின் மறுபடி கொடுக்க மாட்டார்கள். ஆனால் நோயாளி ஒரு துளிகூட அசையவும் கூடாது. இந்த இக்கட்டைத் தீர்ப்பது ஓபியாய்டுதான். 1996இல் புழக்கத்துக்கு வந்த ரெமிஃபென்டனில் என்ற ஓபியாய்டை, புரோபஃபால் என்ற மயக்க மருந்தோடு சேர்த்துப் பம்ப் வழியாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் அதை உடனுக்குடன் உடைத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் ஓடியிருந்தாலும் நிறுத்திய மூன்று நான்கு நிமிடங்களில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். வலித் தூண்டல் மூளைக்குப் போய் அசைவாகத் திரும்புவதை அது அடக்குகிறது, முக நரம்பின் துடிப்பையோ அப்படியே விட்டுவிடுகிறது. முகத்தை வாதமாக்கும் என்று சந்தேகப்படும் மருந்து வகை, முக நரம்பைக் காப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதில் மயக்க மருத்துவருக்கு வேலை கூடுதல். ரத்த அழுத்தமும் நாடியும் இறங்கும், பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் வலி நிவாரணமும் சட்டென்று போய்விடும் என்பதால், முன்கூட்டியே வேறு வலி மருந்து கொடுத்துவைக்க வேண்டும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் பரோடிட் அறுவை செய்த சிலருக்கு முகம் கோணும். நரம்பைக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும்போது அது இழுபடுவதால் வரும் சோர்வு அது. நரம்பு அறுபடாமல் இருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் திரும்பிவிடும். தொடக்கத்தில் சொன்ன அப்பாவுக்கு அறுவை எங்கே நடந்தது என்று கேட்டாலே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

ஓபியாய்டு முகத்தில் எதையுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் போடும் ஊசியில் கொஞ்சம் ஃபென்டனிலோ மார்ஃபினோ சேர்த்தால், பல தாய்மார்கள் மூக்கையும் கன்னத்தையும் சொறிந்துகொண்டே இருப்பார்கள். ஐந்தாவது நரம்பின் மூளைத்தண்டு மையத்தில் ஓபியாய்டு ஏற்பிகள் நிறைய இருப்பதுதான் காரணம். அது ஒவ்வாமை அல்ல. பெரிய அளவை வேகமாகச் செலுத்தினால் முடக்கத்துக்கு நேரெதிரான ஒன்று நடக்கும்: தாடை இறுகும், மார்புத் தசைகள் கட்டையாகும், குரல்வளை மூடிக்கொள்ளும், மூச்சு கொடுக்கவே முடியாமல் போகலாம். பிறந்த குழந்தைகளுக்குக் குறைந்த அளவிலும் இது வரலாம் என்பதால் அவர்களுக்கு மிக மெதுவாகச் செலுத்துவார்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு. பெத்திடின் ஓர் ஓபியாய்டு, ஆனால் லிக்னோகெய்ன் மாதிரி நரம்பையும் மரக்க வைக்கும். முதுகுத்தண்டில் தனியாகப் போட்டே அறுவை செய்திருக்கிறார்கள்.

பிரசவ வலிக்காகப் போடும் எபிடியூரலில் மருந்து மேலே ஏறிவிட்டால் ஒரு கண் இமை தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாவை மட்டும் சுருங்கும். அதுவும் அந்தக் கலவையிலுள்ள மரப்பு மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் சரியாகும். ஃபென்டனிலால் பாவை சுருங்கினால் இரண்டு கண்ணிலும் சேர்ந்து சுருங்கும்.

அறுவை முடிந்து கண் விழிக்கும் நேரத்தில்தான் இரண்டு வகை மருந்துகளும் சேர்ந்து ஆபத்தாகின்றன. தசைத் தளர்த்தியின் மிச்சம் இருந்தால் இமை சொருகும், பார்வை இரட்டையாகும், முகத்தில் தெம்பு இருக்காது, விழுங்க முடியாது. ஓபியாய்டின் மிச்சம் இருந்தால் மூச்சு விடும் எண்ணமே குறையும். பார்ப்பவருக்கு இரண்டும் ‘நல்லா தூங்குறார்’ என்றுதான் தெரியும். ஓபியாய்டை நலோக்சோன் முறிக்கும், ஆனால் அது தளர்த்தியைத் தொடாது. ரோகுரோனியம் போன்ற தளர்த்தியை நியோஸ்டிக்மினோ சுகமாடெக்ஸோ முறிக்கும், ஆனால் அவை ஓபியாய்டைத் தொடாது. எது மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது? அதற்காகத்தான் நரம்பை நான்கு முறை தூண்டி, நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். 0.9க்கு மேல் வந்தால்தான் டியூபை எடுக்கலாம் என்பது இன்றைய அளவுகோல். இங்கேயும் முகம் ஏமாற்றும். தளர்த்தியிலிருந்து புருவத் தசை சீக்கிரம் மீண்டுவிடும், தொண்டைத் தசை பின்தங்கும். முகத்தில் துடிப்பைப் பார்த்து முடிவெடுத்த நோயாளிகளுக்கு, கட்டை விரலில் பார்த்தவர்களைவிட, தளர்த்தியின் முடக்கம் மிச்சமிருக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கை துணிக்கு அடியில் மறைந்திருக்கிறது என்பதற்காக முகத்தில் அளப்பது இன்றும் நடக்கிறது. அந்த வழக்கம் போக வேண்டும்.

சரி, வீட்டில் முகம் கோணியிருப்பதைக் கண்டால் என்ன செய்வது? முதலில் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். முக நரம்பு முழுதாகச் செயலிழந்திருந்தால் அந்தப் பக்க நெற்றியிலும் சுருக்கம் விழாது. மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டு வரும் பக்கவாதத்தில் (ஸ்ட்ரோக்) பெரும்பாலும் நெற்றி தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் நெற்றியை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். கையில் பலக்குறைவு, பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் 108க்கு அழையுங்கள், நேரம் முக்கியம். பல் ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் மட்டும் கோணியிருந்தால் அதே டாக்டரிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஒட்டிக்கொண்டு காத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது மயக்க மருந்துக் குறிப்பேடு. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அறுவை அரங்கில் அவ்வப்போது எழுதிவரும் தாள் அது. அதன் நகலைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதில் ஃபென்டனில் என்ற வரியைத் தாண்டி, தசைத் தளர்த்தி எது, கடைசியாக எப்போது கொடுத்தார்கள், எதைக் கொண்டு முறித்தார்கள், மரப்பு ஊசி எங்கே போட்டார்கள் என்ற வரிகளைத் தேடுங்கள். அந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.